மனப்புண்ணை மறைத்தல் அறமோ?

உடம்பிலே புண்ணுற்றவன் அதனைத் தன் சுற்றத்தார்க்குக் காட்டுகின்றான். அவர் அவனை மருத்துவனிடம் அழைத்துச் செல்கின்றனர். இதனை நாணத்தக்க செயலென்பார் ஒருவருமிலர். மனத்திலே புண்ணுற்றவனோ அதனை மறைக்கின்றான். சுற்றத்தாரும் உடனிருந்து மறைக்கின்றனர். மதுவுக்கு அடிமைப்பட்டுக் கிடப்பவனைப்பற்றி வினவினால் ‘காய்ச்சல்’ என்பர். சித்தங் கலங்கிய மகளை உள்ளறையில் வைத்து, ‘உறவினர் வீடு சென்றிருக்கின்றாள்’ என்பர். கலகத்திலே தன் கண்முன் தமையனை இழந்த சிறுவன், ஆண்டுகள் பல கழிந்தும் இரவிற் கதறி எழுவானாயின், ‘அதைப் பேசாதே, மறந்துவிடு’ என்பர். இங்ஙனம் மறைத்தல் குடிப்பெருமையைக் காக்கும் அறமோ, அன்றி நோயுற்றாரைக் கைவிடும் மறமோ என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

இவ்வாராய்ச்சி ஆசிரியர்க்குச் சிறப்பாக உரியது. என்னை? வீட்டிலே மறைக்கப்படும் நோய் முதன்முதல் வெளிப்படும் இடம் பெரும்பாலும் வகுப்பறையே ஆகலின். பாடங் கேளாது வாயிலையே நோக்கியிருக்கும் பிள்ளை, திங்கட்கிழமைதோறும் வாராதொழியும் பிள்ளை, சிற்றொலி கேட்பினும் நடுங்கும் பிள்ளை ஆகிய இவரெல்லாம் வாயாற் கூறாததை மெய்யாற் கூறுகின்றனர். அதனைக் கண்டும் காணாதிருத்தல் ஆசிரியர்க்குத் தகுமோ?

புத்தளம் மாவட்டத்துக் கடற்கரையை எடுத்துக்கொள்வோம். வடக்கே கற்பிட்டி தொடங்கி, புத்தளம், முந்தல், உடப்பு, சிலாபம் ஆகிய ஊர்களைக் கடந்து தெற்கே வென்னப்புவைவரை நீண்டுகிடக்கும் இக்கரையிலே தமிழரும் முஸ்லிம்களும் சிங்களரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். மீனும் உப்பும் தேங்காயும் இந்நிலத்தின் செல்வங்கள். அச்செல்வங்களோடு உடன்பிறந்த துயரங்களும் உள. கடலுக்குச் சென்றவன் மீளாத இரவு மீனவர் குடிகளுக்குப் புதியதன்று. எண்ணெயும் இளநீரும் தரும் தென்னையே கள்ளையும் சாராயத்தையும் தருகின்றது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே விடுதலைப் புலிகளால் வடமாகாணத்தினின்றும் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் ஏறத்தாழ 75,000 பேருள் மிகப் பலர் இம்மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்து, ஓலைக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தனர். 2019ஆம் ஆண்டு மே மாதத்திலே சிலாபத்திலும் அதனை அடுத்த ஊர்களிலும் முஸ்லிம் மக்களுடைய கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. வறுமை காரணமாகத் தாய்மார் அரபு நாடுகளுக்குப் பணிப்பெண்களாய்ச் செல்ல, பாட்டியர் கையில் வளரும் பிள்ளைகளும் பலர். அண்மைக் காலத்திலே கசிப்போடு நில்லாது, ஹெரோயினும் ‘ஐஸ்’ என்னும் நச்சுப்பொருளும் இளைஞரை நாடிவந்துள்ளன. இத்துணைப் புண்களையும் உடைய நிலத்திலே புண்ணைப்பற்றிப் பேசும் வழக்கம் மட்டும் அருகியிருத்தல் வியப்பேயாம்.

பேசுதல் கூடாதென்பார் கூறும் தடைகளை ஒவ்வொன்றாக நோக்குவாம்.

முதலாவது தடை குடிப்பெருமை. ‘வீட்டுக் குறையை வெளியிற் சொன்னால் மகளுக்கு மணம் அமையாது, மகனுக்கு மதிப்பிராது’ என்பர். இவ்வச்சம் வெறும் கற்பனையன்று. ஊரார் வாய் கொடிதென்பது உண்மை. இலங்கையிலே மனநோய் மருத்துவமனைக்கு நீண்டகாலம் இடமாயிருந்த அங்கொடை என்னும் ஊர்ப்பெயரே வசைச்சொல்லாகிவிட்டமையை யாவரும் அறிவர். அம்மருத்துவமனை 2008ஆம் ஆண்டிலே தேசிய மனநல நிறுவகம் எனப் பெயர் மாற்றம் பெற்றும் வசை மாறிற்றில்லை. ஆயினும் மறைத்தலின் விளைவு யாதென்பதையும் எண்ணுதல் வேண்டும். மன்னார்க் கடலுக்கு எதிர்க்கரையிலே, இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், 2001ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதம் 6ஆம் நாள் மனநோயாளர் விடுதியொன்று தீப்பற்றியது. சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தமையால் ஓடவியலாது 28 பேர் மாண்டனர். அவர்களைப் பெற்றோரும் உடன்பிறந்தோரும் கொடியவரல்லர். எங்குச் செல்வது, யாரிடம் உரைப்பது என்றறியாது, புனிதமான ஓரிடத்தின் அருகே விட்டுச்சென்றாற் குணமாகுமென நம்பியவர்களே அவருட் பலர். இது ஒரு சமயத்தாரின் குற்றமுமன்று. எல்லாச் சமயத்தாருடைய திருத்தலங்களுக்கும் இங்ஙனம் கொண்டுவரப்படுவோர் உளர். சங்கிலி இரும்பினாற் செய்யப்படுமுன் நாணத்தினாற் செய்யப்படுகின்றது என்பதே அந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துவது.

இரண்டாவது தடை வினைக்கொள்கையைப் பற்றியது. ‘அஃது அவன் முன்செய்த வினை, அனுபவித்தே தீர்த்தல் வேண்டும்’ எனச் சைவருள் ஒருசாரார் கூறுவர். இது சைவநூற் கருத்தைப் பிழைபட உணர்ந்தார் கூற்றாகும். பாம்பு தீண்டியவனைக் கண்டு ‘அவன் வினை’ என்று வாளாவிருப்பார் எவருமிலர். உடனே மருந்து தேடுகின்றனர். உடல்நோய்க்கு மருந்து தேடுதல் வினைக்கொள்கைக்கு மாறாகாதாயின், மனநோய்க்குத் தேடுதல் மாத்திரம் எங்ஙனம் மாறாகும்? மேலும், பிறர் துன்பத்துக்குக் காரணங் கூறுதற்கு வினை என்னுஞ் சொல் நமக்கு அளிக்கப்படவில்லை. நம் செயலுக்கு நாம் பொறுப்புடையோம் என்றுணர்தற்கே அளிக்கப்பட்டது. துன்புற்றான் முன்னே நின்று உதவாதுபோவதும் ஒரு வினையே; அதன் பயன் போனவனைச் சாரும்.

மூன்றாவது தடை குடியரைப்பற்றியது. ‘நோய் தானே வருவது, குடியோ அவனே தேடிக்கொண்டது, அவன்பால் இரக்கம் எற்றுக்கு?’ என்பர். நம் முன்னோர் மதுவை வன்மையாகக் கண்டித்தனர். 1912ஆம் ஆண்டிலே அக்கால அரசினர் புதிய மதுவரி முறையைக் கொணர, கள்ளுத்தவறணைகள் நாடெங்கும் பெருகின. அதனை எதிர்த்தெழுந்த மதுவிலக்கு இயக்கம் இலங்கையின் அரசியல் விழிப்புக்கும் வித்தாயிற்று. அக்கண்டனம் வேண்டியதே. எனினும் மதுவைக் கண்டித்தல் வேறு, மதுவால் வீழ்ந்தவனைக் கண்டித்தல் வேறு. முதற்கோப்பையை விரும்பி எடுத்தவன், ஆயிரமாவது கோப்பையை விரும்பி எடுக்கின்றானென்பது பொருந்தாது. அப்போது அவனுடைய நரம்பும் மூளையும் மதுவுக்கேற்ப மாறிவிடுகின்றன. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவன் திடீரென நிறுத்துவானாயின், கைந்நடுக்கமும் வலிப்பும் சித்தமயக்கமும் உண்டாகி, சிலர்க்கு உயிர்க்கேடும் நேரும். ஆதலின் ‘இன்றே விடு; ஆண்மகனாயின் விடு’ என்று அறைகூவுதல் அறிவுடைமையன்று; மருத்துவர் துணையோடு விடச்செய்தலே தக்கது.

இவ்விடத்திலே உடப்பு நமக்கு ஒரு நல்ல பாடங் கற்பிக்கின்றது. அவ்வூர்த் திரௌபதையம்மன் திருவிழாவும் தீமிதிப்பும் நாடறிந்தவை. தீமிதிக்கும் அடியார் காப்புக்கட்டி விரதம் பூணுவர். இத்தகைய விரதகாலங்களில், ஏனைய நாட்களிற் குடிவிடாதாரும் மதுவைத் தீண்டாதிருத்தலை உடப்பிலன்றிப் பிறவூர்களிலும் காணலாம். காப்பு அவிழ்ந்தபின் அவருட் சிலர் மீண்டும் பழைய வழிக்கே செல்கின்றனர். இதனைக் கண்டோர், ‘விரதத்துக்கு விடத்தெரிந்தவனுக்கு எப்போதும் விடமுடியாதா?’ என்று எள்ளுவர். எள்ளுதலை விடுத்து எண்ணிப் பார்ப்போமாயின் உண்மை விளங்கும். விரதகாலத்தில் அவனைக் காத்தது அவன் மனவலிமை ஒன்றே அன்று. மணிக்கட்டிலே கட்டிய மஞ்சட்காப்பு, ‘யான் இன்னது செய்யேன்’ என்று அவன் ஊரறிய உரைத்த வாக்காகும். அதனைக் கண்டோர் அவனுக்கு மது கொடார். உடன்விரதம் பூண்டோர் அவனோடு இருப்பர். வீட்டார் அவனுக்கு உணவு சமைத்து மதிப்பளிப்பர். காப்பு அவிழ்ந்த அன்றோ அவன் தனியனாகின்றான். அவன் போராட்டம் அன்றுதொட்டு மறைபொருளாகின்றது. வெளிப்பட்டிருந்தபோது நின்றவன், மறைந்தபோது விழுகின்றான்.

மேனாட்டாரும் இவ்வுண்மையையே வேறொரு வழியாற் கண்டனர். 1935ஆம் ஆண்டிலே அமெரிக்க நாட்டு ஆக்ரன் நகரத்தில், குடியால் வாழ்விழந்த வணிகரொருவரும் மருத்துவரொருவரும் சந்தித்துத் தத்தம் வீழ்ச்சியை ஒருவர்க்கொருவர் ஒளியாது உரைத்தனர். அவ்வுரையாடலினின்றும் உலகெங்கும் பரந்த ‘பெயர் வெளியிடாக் குடிநோயாளர்’ சங்கம் பிறந்தது. தமிழ்நாட்டிலே, கணவர் இளவயதிற் குடிநோயால் 1979இல் இறந்தபின், சாந்தி இரங்கநாதன் அம்மையார் அத்துயரை மூடிமறைத்தாரல்லர். பெயர்பெற்ற வணிகக் குடும்பத்தவராயிருந்தும், 1980இல் கணவர் பெயராலேயே சென்னையிற் குடிநோய் மருத்துவ நிலையமொன்றை நிறுவினார். குடும்பத்தின் இழிவென ஊரார் கருதக்கூடியதை அவர் நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு மருந்தாக்கினார். குடிப்பெருமை அதனாற் குறைந்ததோ? வளர்ந்ததன்றோ?

நான்காவது தடை அச்சத்தினாற் பிறப்பது. ‘இவற்றைப் பேசினால் இல்லாத எண்ணத்தையும் உண்டாக்கும், சாவைப்பற்றிக் கேட்டால் சாக நினைப்பான்’ என்பர். இலங்கையின் அனுபவம் இதற்கு விடை கூறும். 1995ஆம் ஆண்டளவில் இந்நாட்டிலே நூறாயிரம் பேருள் ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் மாண்டனர். உலகிலே மிகமிக உயர்ந்த வீதங்களுள் அது ஒன்று. அக்காலத்திலே தற்கொலைக்கு முயன்று பிழைத்தவன் சட்டத்தின்முன் குற்றவாளியாயிருந்தான். ஆகவே அவன் வீட்டார் மருத்துவமனையிலும் பொய்யுரைக்க நேர்ந்தது. 1998ஆம் ஆண்டிலே அச்சட்டம் நீக்கப்பட்டது. கொடிய நச்சுப் பூச்சிகொல்லிகள் 1984, 1995, 1998ஆம் ஆண்டுகளிலும் அதன்பின்னும் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. இத்தடைகளின் பயனாகப் பின்வந்த இருபதாண்டுகளில் அவ்விறப்புவீதம் மூன்றிலொரு பங்களவிற்குத் தாழ்ந்தது. இதனால் அறியத்தக்கது யாது? மாண்டோருட் பலர் உண்மையிற் சாவை விரும்பினாரல்லர். தாங்கவொண்ணாத ஒரு நாழிகையைக் கடக்க வழியறியாதவரே. அந்நாழிகையிலே அருகிலிருந்து, ‘உனக்கு வாழ்வு வெறுத்துவிட்டதோ?’ என்று அன்போடு வினவும் ஒருவர் உளராயின் அவர் பிழைப்பர். அங்ஙனம் வினவுதலால் அவ்வெண்ணம் புதிதாகத் தோன்றுவதில்லை என்பது மருத்துவ ஆராய்ச்சியாளர் கண்ட முடிவு.

இனி, இத்தடைகளெல்லாம் நீங்கினவெனின், யாவரும் யாவற்றையும் யாண்டும் பேசிவிடல் வேண்டுமோ எனின், அன்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்துக் கடற்கோளின்பின் வெளிநாட்டு உளவளத்துணையாளர் பலர் இலங்கைக்கு வந்தனர். துன்புற்றாரை உடனே அமர்த்தி, நிகழ்ந்தது முழுவதையும் ஒரே இருப்பிற் சொல்லச்செய்யும் முறையொன்று அக்காலத்திற் பரவியிருந்தது. அம்முறை பயனற்றதென்றும், சிலர்க்குத் தீங்கும் விளைக்குமென்றும் ஆய்வாளர் காட்டினர். உலக சுகாதார நிறுவனமும் அதனை விலக்கிற்று. ஆறாப் புண்ணின் கட்டைப் பிறர் வலிந்தவிழ்த்தலும் கொடுமையே. ஆகவே மறைக்கச் சொல்லுதலும் பிழை. சொல்லென்று வற்புறுத்துதலும் பிழை. துன்பம் யாருடையதோ அதனைச் சொல்லும் உரிமையும் அவருடையதே. சொல்லுங் காலமும், சொல்லும் அளவும், கேட்கும் ஆளும் அவர் தெரிந்துகொள்ளத்தக்கவை. பிறர் செய்யத்தக்கது ஒன்றே: அவர் சொல்ல விரும்பும் நாளிலே கேட்கத்தக்கவராய் இருத்தல்.

கேட்கத்தக்கவர் யாவர்? சேக்கிழார் சுவாமிகள் அருளிய பெரியபுராணத்திலே திலகவதியாரைக் காண்க. பெற்றோரை இழந்தார், தமக்கென உறுதிசெய்யப்பட்ட கலிப்பகையாரைப் போர்க்களத்தில் இழந்தார், தாமும் உயிர்விடத் துணிந்தார். தம்பியாரின் அழுகை கேட்டு அவர்பொருட்டு உயிர்தாங்கினார். அத்தம்பியார் பின்னாளிற் பிரிந்து சென்று, சூலைநோயாற் பற்றப்பட்டு, ஒருவராலும் தீர்க்கப்படாதவராய், இரவிலே தமக்கையார் மடத்து வாயிலில் வந்து வீழ்ந்தார். அப்போது அம்மையார் ‘அன்றே சொன்னேன்’ என்றாரில்லை. ‘என்னை விட்டுச்சென்றாயே’ என்றாரில்லை. எடுத்து, திருநீறளித்து, திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். பின்னர் அத்தம்பியார் தம் நோயை ஒளியாமல் இறைவன்முன் வாய்விட்டு உரைத்துப் பாடினார். திருநாவுக்கரசர் என்னுந் திருப்பெயர் அதன்பின்னரே வந்தது. தன் துயரைத் தாங்கிக் கடந்தவரே பிறர் துயரைக் கேட்க வல்லவராயினமை ஈண்டுக் கருதத்தக்கது. கண்ணிழந்த சுந்தரமூர்த்தி சுவாமிகளும் தம் இன்னலை இறைவனிடம் வெளிப்படவே முறையிட்டார். துயரை வாய்விட்டுரைத்தலை இழிவென்று கருதுவோர் நம் சமயகுரவரின் வரலாற்றை மறந்தவரேயாவர்.

சிலாபத்தை அடுத்த முன்னேசுவரத்திலே தமிழரும் சிங்களரும் வந்து சந்நிதியில் நின்று அழுது தம் குறைகளைக் கூறுவதை இன்றும் காணலாம். ஊரார்க்குச் சொல்லாததை அவர் அங்கே சொல்கின்றனர். அதனைப் பேதைமை என்று இகழ்தல் வேண்டா. அடைபட்ட வாய் திறக்கும் வாயில் அது. கோயிலுக்குச் சென்றவரை மருத்துவரிடமும் செல்லுமாறு சொல்லுதலே நம் கடன். இரண்டும் ஒன்றையொன்று விலக்குவனவல்ல.

இனி ஆசிரியர் செய்யத்தக்கன சில கூறி முடிப்பாம்.

ஒரு மாணவன், ‘அப்பா இரவில் குடித்துவிட்டு அம்மாவை அடிக்கிறார், சேர்’ என்று சொல்கின்றான் எனக் கொள்வோம். ஈண்டு ஆசிரியர் மனத்தில் ஓர் ஐயந் தோன்றும்: தந்தையின் குறையைப் பிள்ளையிடம் கேட்டல் புறங்கூறலன்றோ என்பது. அன்று. தந்தையின் குடி தந்தைக்கு உரியது. அதனாற் பிள்ளை அடையும் அச்சமோ பிள்ளைக்கே உரியது. தனக்குரியதைத் தான் கூறுதல் புறங்கூறலாகாது. ஆசிரியர் அவனை அதட்டாமலும், அளவுக்கு மீறி வினவாமலும் கேட்டு, ‘இது உன் குற்றமன்று’ என்னும் ஒரு சொல்லையேனும் அவனுக்குத் தருதல் வேண்டும். குடியர் வீட்டுப் பிள்ளைகளிற் பலர், தம்மாலேயே இது நிகழ்கின்றதென்று உள்ளுக்குள் நம்பி உழல்கின்றனர்.

கேட்டதை ஆசிரியர் அறையிலே கதையாக்குதல் பெரும்பாவம். பிரார்த்தனைக் கூட்டத்திலே பெயர் சுட்டாமற் சுட்டி உபதேசித்தலும் அதனோடொக்கும். ஒருமுறை வெளியாக்கப்பட்ட பிள்ளை பின்னர் ஒருவரையும் நம்பான். ஆயினும் மறைத்துவைக்கலாகாத செய்தி இரண்டு உள: பிள்ளைக்கு எவரேனும் தீங்கிழைக்கின்றார் என்பதும், ஒருவர் தம் உயிரை மாய்க்க எண்ணுகின்றார் என்பதும். இவற்றிலே ‘ஒருவர்க்கும் சொல்லேன்’ என்று வாக்களித்தல் தகாது. ‘உன்னைக் காப்பார்க்கு மட்டும் சொல்வேன், யாருக்குச் சொல்வேனென்பதை உனக்கு முன்னரே சொல்வேன்’ என்பதே உண்மையான வாக்கு. சிறுவர்க்குத் தீங்கு நேருமிடத்துத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னும் தொலைபேசி எண்ணும், மனத்துயர்க்குத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் எண்ணும் உள. 1974ஆம் ஆண்டுமுதல் சுமித்திரயோ என்னும் தொண்டர் நிறுவனமும் துயருற்றார் சொற்களைப் பொறுமையோடு கேட்டு வருகின்றது. இவற்றை எழுதி வகுப்பறைச் சுவரில் ஒட்டுதற்கு ஒரு கடதாசியே போதும்.

சொல்லைத் திருத்துதலும் ஆசிரியர் கையிலுள்ள மருந்தே. ‘பைத்தியம்’, ‘அங்கொடைக்குப் போ’, ‘குடிகாரன் மகன்’ என்னுஞ் சொற்கள் ஆசிரியர் வாயில் வருமாயின், அவ்வகுப்பிலுள்ள எப்பிள்ளையும் தன் வீட்டுத் துயரை அவரிடம் என்றும் சொல்லப்போவதில்லை. அச்சொற்களைச் சொல்லாதொழிதலும், மாணாக்கர் சொல்லும்போது அமைதியாகத் திருத்துதலும், ஒரு மணிநேர உபதேசத்தினும் பயன்மிக்கவை. சைவசமய பாடத்திலே கள்ளுண்ணாமையைக் கற்பிக்கும் நாளில், கள்ளின் தீமையோடு நில்லாது, வீழ்ந்தவன் மீளலாமென்பதையும், மீள விரும்புவோனுக்குத் துணைநிற்றலும் அறமென்பதையும் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும். அவ்வகுப்பிலே தலைகுனிந்திருக்கும் பிள்ளை முதற்பகுதியை வீட்டிலே நாடோறும் கற்கின்றான். இரண்டாம் பகுதியை நம்மிடமே கேட்டறிதல் வேண்டும்.

ஆசிரியர்களும் மனிதரே. போரையும் கடற்கோளையும் பொருள்முடையையும் கண்ட தலைமுறையினர் அவர். தம் புண்ணைத் தாமே மறைத்துக்கொண்டு பிறர் புண்ணை ஆற்றப் புகுதல் நெடுநாள் நடவாது. ஆதலின் ஒவ்வொரு பாடசாலையிலும் ஆசிரியர் இருவரேனும் ஒருவர்க்கொருவர் மனந்திறந்து பேசுந் துணையாக அமைதல் நன்று. அதற்கு நிதியோ, சுற்றறிக்கையோ வேண்டுவதில்லை.

மறைத்தல் அறமாவது பிறர் குறையைத் தூற்றாது காக்கும்போதேயாம். நோயுற்றாரைத் தனிமையிலே பூட்டிவைக்கும் மறைப்பு அறமாகாது. உடப்பிலே கட்டும் காப்பு சில நாட்களில் அவிழ்வது; அதனை அணிந்தவனைச் சூழ்ந்துநிற்கும் ஊர் மட்டும் அவிழாதிருக்குமாயின், அவனும் நிற்பான். அவ்வூரின் முதல்வராக ஆசிரியர் நிற்பாராக.